கொடுக்கப்பட்ட கோளத்தின் விட்டம்

குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டு, குழாயை வாளிக்குள் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் தாமரைச்செல்வி துண்டுக்குள்ளிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் ஏழாம் எண் வெர்னியர் அது. எஃகு சில்லென்றிருந்தது. சில்லென்று பட்டால் சதை சுருங்கும், சுருங்கினால் அளவு பிழையாகும் என்று முதலில் அதை உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடாக்கிக்கொண்டாள். பிறகு இடது மார்பின் வெளிப்புறம், அக்குளுக்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் கட்டியை இரண்டு தாடைகளுக்கும் நடுவே நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெருக்கினாள். வலித்தது. முதல் வாரத்தில் இந்த வலி இல்லை. ஐந்து முறை அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கருவியைக் கழற்றி, மறுபடி பொருத்தி, புதிதாகப் பார்க்க வேண்டும். ஒரு தடவை அளந்துவிட்டு மற்ற நான்கையும் அதற்குத் தோதாக எழுதிவைக்கிற பிள்ளைகளை அவள் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள். அந்த வேலையைத் தான் செய்யக் கூடாது.

சராசரி 2.07 சென்டிமீட்டர். நேற்று 1.98. பதினாறு நாளைக்கு முன்னால் 1.62.

கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். வாளி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிந்துகொண்டிருந்தது. வெளியே பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் சிவப்ரியா கதவைத் தட்டி, "அம்மா, எம்புட்டு நேரம்மா? எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு" என்றாள். "வந்துட்டேன்டா" என்று குரலைச் சரியாக வைத்துச் சொல்வதற்குள் தாமரைச்செல்விக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பழுப்பு அட்டை போட்ட ஆய்வக நோட்டு ஒன்றில்தான் அளவுகளை எழுதிவந்தாள். யாராவது பிரித்தாலும் தெரியக் கூடாது என்று முதல் பக்கத்தில் 'கொடுக்கப்பட்ட கோளத்தின் விட்டம் காணல்' என்று தலைப்பு. கீழே கட்டம் போட்ட அட்டவணை. முதன்மைக் கோல் அளவு, வெர்னியர் ஒன்றிப்பு, கருவியிலேயே இருக்கும் சுழிப்பிழைக்குத் திருத்தம் எல்லாம் அதனதன் பத்தியில். தன் உடம்பில் வந்த கட்டிக்குச் சுழிப்பிழை பார்த்த பெண்பிள்ளை காரைக்கால் வட்டாரத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனால் அவளைக் கேட்டால் வேறு என்ன செய்வது என்பாள். விரலால் தொட்டுப் பார்த்தால் ஒரு நாள் சுண்டைக்காய் மாதிரி இருக்கிறது, மறுநாள் நெல்லிக்காய் மாதிரி இருக்கிறது. பயத்தில் இருக்கிறவளின் விரல் சொல்வதை எப்படி நம்புவது? எண்ணாக ஒன்று கையில் இருந்தால் பயம் ஒரு கட்டுக்குள் நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. முன்பெல்லாம் நாள் பூராவும் கலங்கலாக ஒரு பயம் இருந்தது. இப்போது அது காலை ஐந்தே முக்காலுக்கு, இரண்டு தசம இடத்துக்குச் சுத்தமாக வந்து நின்றது.

டாக்டரிடம் போயிருக்கலாம்தான். கோட்டுச்சேரியிலிருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் டவுன், டவுனில் தெருவுக்கு ஒரு ஸ்கேன் சென்டர். போகாததற்குக் காரணம் ஊசி. கட்டி என்று போய் நின்றால் ஊசி போட்டுச் சதையெடுத்துப் பார்ப்பார்கள். அம்மா பெரியநாயகிக்கு அப்படித்தான் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், தாமரைச்செல்வி திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தபோது. ஊசி போட்ட மூன்றாம் மாதம் அம்மா இல்லை. "சும்மா கெடந்தத குத்திக் கெளறிவுட்டுட்டாங்க. ஒடம்பு பூரா பாஞ்சிருச்சு" என்று அக்கா சாரதாம்பாள் அன்றைக்கு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அதுவே குடும்பத்தில் சட்டமாகிவிட்டது. கட்டியா, கத்தி படக் கூடாது, ஊசி படக் கூடாது. குரும்பகரத்தில் அக்கா இருக்கும் தெருவில் யாரைக் கேட்டாலும் இதற்கு இன்னும் இரண்டு உதாரணம் சொல்வார்கள்.

அக்காவிடம் மட்டும்தான் தாமரைச்செல்வி சொல்லியிருந்தாள். நடவு முடிந்து வயலில் வேலை ஓய்ந்திருந்த ஒரு நாள் அங்கே போனபோது, கூடத்தில் உட்கார வைத்து அக்கா அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். தொட்ட கை அப்படியே நின்றது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "ஒண்ணும் இல்லடி. பால் கட்டி மாதிரிதான் இருக்கு. தூங்குறத எழுப்பக் கூடாது. சனிக்கெழம திருநள்ளாறு போயி நான் விளக்குப் போட்டுட்டு வாரேன். நீ யார்ட்டயும் சொல்லிக்கிடாத, தம்பிட்டகூட" என்றாள். தம்பி என்றது தாமரைச்செல்வியின் கணவன் கதிரவனை. அக்கா சொன்னதில் அறிவுக்குப் பொருந்துவது ஒன்றும் இல்லை என்று படித்த மனசுக்குத் தெரிந்தது. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், தூங்குறத எழுப்பக் கூடாது என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்குக் கல்லூரியில் மூன்றாமாண்டு வகுப்புக்குக் குவாண்டம் பாடம். அதிலும் நிச்சயமின்மைக் கோட்பாடு. பாடத்திட்டம் அவளைக் குறிவைத்துக் காத்திருந்தது போல இருந்தது. கரும்பலகையில் ஒரு நுண்ணோக்கி வரைந்தாள். அடியில் ஒரு புள்ளி, எலக்ட்ரான். அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அதன் மேல் வெளிச்சம் பட வேண்டும். பட்டாலே அது இடிபட்டு வேகம் மாறிவிடும். இடத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமா, அலைநீளம் குறைந்த வெளிச்சம் வேண்டும், அது பலமாக இடிக்கும். மெல்ல இடிக்கிற வெளிச்சத்தை எடுத்துக்கொண்டால் இடம் மங்கலாகிவிடும். இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு ஒரு குஷி வரும். இன்றைக்கு வரவில்லை.

முன் பெஞ்சில் நபீசா எழுந்து நின்றாள். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த பெண். "மேடம், இடிக்காம பாக்குறதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சுட்டோம்னு வைங்க. அப்ப எடம், வேகம் ரெண்டும் கரெக்டா தெரிஞ்சுடுமா?"

சரியான கேள்வி. இந்தக் கேள்வி வராதா என்று தாமரைச்செல்வி வருஷா வருஷம் காத்திருப்பாள். வராவிட்டால் தானே கேட்டுக்கொண்டு பதில் சொல்வாள். அப்போதும் தெரியாது என்பதுதான் பதில். இடிபடுவது ஒரு விஷயம், நிச்சயமில்லாமல் இருப்பது வேறு விஷயம். நம்முடைய கை முரட்டுக் கை என்பதால் மட்டும் வந்த கோளாறு இல்லை இது. யாரும் தொடுவதற்கு முன்பே எலக்ட்ரானிடம் இடமும் வேகமும் ஒருசேரத் துல்லியமாக இல்லை. அளப்பதால் வரும் குலைவுக்குத் தனிக் கணக்கு உண்டு, எலக்ட்ரானுக்குள்ளேயே இருக்கும் மங்கலுக்குத் தனிக் கணக்கு உண்டு. புத்தகங்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன, நீங்கள் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று பத்து நிமிஷம் பேசுவாள்.

அன்றைக்கு அந்தப் பத்து நிமிஷத்தையும் விழுங்கிவிட்டாள். "இடிக்காம பாக்கவே முடியாதும்மா. பாக்குறதுதான் குலைக்குது. பாக்காம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். அவ்வளவுதான், எழுதிக்க" என்றாள். அறுபது தலைகள் குனிந்து எழுதின. நபீசா மட்டும் எழுதாமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு உட்கார்ந்தாள். தாமரைச்செல்விக்குக் காது சுட்டது. பதினாறு வருஷமாகப் பாடம் நடத்துகிறாள். தெரியாமல் தப்பாகச் சொன்னது உண்டு. தெரிந்தே பாதியைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் எதற்காக? அக்கா சொன்னதற்குப் பௌதிகத்தில் ஒரு சாட்சி வேண்டியிருந்தது, அதற்காக.

மத்தியானம் ஆய்வகத்தில் உதவியாளர் நடராசன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "மேடம், ஏழாம் நம்பர் வெர்னியர் ரெண்டு வாரமா காணல. நாளான்னிக்கி ஸ்டாக் பாக்க வர்றாங்க." தன் பெண்ணுக்குக் காட்டிக்கொடுக்க எடுத்துப் போயிருப்பதாகச் சொன்னாள். "அதானே பாத்தேன், உங்ககிட்டதான் இருக்கும்னு" என்று அவர் நிம்மதியாகப் போனார். அவர் போன பிறகுதான் மேசையைப் பார்த்தாள். காலையில் பையிலிருந்து திருத்த வேண்டிய நோட்டுகளை எடுத்து அடுக்கியபோது அதோடு அதாகப் பழுப்பு அட்டை போட்ட தன் நோட்டையும் வைத்திருக்கிறாள். இப்போது அடுக்கு அங்கே இல்லை. நபீசா அதை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்துவந்தாள். கடைசியில் ஒரு நோட்டு மட்டும் அவள் கையில் மீந்து, அதைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தபடியே வந்தாள்.

தாமரைச்செல்விக்கு எழுந்து போய்ப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவள் மேசைக்கே வந்துவிட்டாள்.

"மேடம், இதுல பேரே இல்ல. யாரு நோட்டுன்னு தெரியல. ஆனா ரீடிங் தப்பு மேடம்" என்றாள் நபீசா. "பதினாறு நாள் எடுத்துருக்காங்க. நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போவுது. ஸ்டீல் குண்டா இருந்தா இப்படி வராதுல்ல? அப்புறம் இங்க பாருங்க. எந்த நாள எடுத்தாலும் மொத ரீடிங்கவிட அஞ்சாவது ரீடிங் கூட இருக்கு. ஒரு நாள்கூட மாறல."

தாமரைச்செல்வி குனிந்து பார்த்தாள். உண்மைதான். தினம் தன் கையால் எழுதிய எண்கள். சராசரி போடுகிற அவசரத்தில் அதை அவள் பார்த்ததே இல்லை.

"அப்ப என்ன காரணம்கிற?" என்று கேட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"ரப்பர் பந்து மாதிரி ஏதோ சாஃப்ட்டான பொருளா இருக்கும் மேடம். போகப் போக இவங்க கைய தளத்தி அளக்குறாங்க. இல்லன்னா அமுக்க அமுக்க அதுவே உப்புது. அளக்குறதே அத மாத்திருது போல." நபீசா ஒரு கணம் யோசித்தாள். "மூணாவதா, நெசமாவே வளருதுன்னும் சொல்லலாம். ஆனா குண்டு எப்படி மேடம் வளரும்?" என்று சிரித்தாள். "இந்த மூணுல எதுன்னு இந்த ரீடிங்க வெச்சு சொல்லவே முடியாது. இன்னும் நூறு நாள் இப்படியே எடுத்தாலும் தெரியாது. வேற கருவிலதான் பாக்கணும்."

நோட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். மின்விசிறிக் காற்றில் பக்கங்கள் புரண்டன. தாமரைச்செல்வி அதன் மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டாள். இன்னும் நூறு நாள். அந்தப் பெண் விளையாட்டாகச் சொன்ன கணக்கு. தான் அப்படித்தான் செய்திருப்பாள் என்று தாமரைச்செல்விக்குத் தெரிந்தது. நோட்டு தீர்ந்தால் இன்னொரு நோட்டு வாங்கியிருப்பாள்.

சாயங்காலம் கதிரவன் மின்துறை அலுவலகத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, டீ டம்ளரோடு உட்கார்ந்தபோது அந்த நோட்டை அவன் முன்னால் வைத்தாள். சிவப்ரியா டியூஷன் போயிருந்தாள். சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும். அவன் புரட்டினான். "என்ன கோளம் இது?" என்றான். பிள்ளைகள் பரீட்சையில் ஏதோ கோளாறு, புலம்பப் போகிறாள் என்று நினைத்த முகம்.

"கோளம் இல்லீங்க. எனக்குக் கட்டி ஒண்ணு இருக்கு. மாருல."

அவன் டம்ளரைக் கீழே வைக்கப் பார்த்தான். தரை எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் போல இரண்டு தடவை வைத்தான். பிறகு தேதிகளை விரலால் தடவிக்கொண்டு கீழே வரை வந்தான். "பதினாறு நாளு" என்றான். காரியத்துக்கு எண்ணுகிற அந்த எண் அவன் வாயிலிருந்து வந்ததும் இருவருக்குமே கூசியது. "இந்தப் பதினாறு நாளும் நான் எங்கடி இருந்தேன்? இந்த வீட்லதானே இருந்தேன்?"

அவன் எழுந்து கிட்டே வந்து, அவளுடைய தோளைத் தொடக் கையை நீட்டினான். "தொடாதீங்க" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் மேல் கோபமெல்லாம் இல்லை. இன்னொரு கை பட்டால் அது இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும் என்ற பயம். நீட்டிய கையோடு அவன் நின்றான். ட்ரான்ஸ்ஃபார்மரில் ஏறிப் பழகிய, எதற்கும் பதறாத கை அது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். அதைப் பார்த்த பிறகுதான் அவள் அழுதாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஸ்கேன் சென்டர் வாசலில் பைக்கை நிறுத்தும்போது சாரதாம்பாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கதிரவன்தான் போன் பண்ணியிருக்கிறான். குரும்பகரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள் முகம்கூடச் சரியாகக் கழுவவில்லை. நெற்றியில் முந்தின நாள் திருநீறு. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கேனு வேணா எடுத்துக்க. ஊசின்னா எந்திரிச்சு வந்துரணும். அம்மா மேல சத்தியமா வந்துரணும்" என்றாள். ஆண்கள் உள்ளே வரக் கூடாது என்று கதிரவனை ஹாலில் உட்கார வைத்துவிட்டார்கள். அக்காவும் தங்கையும் உள்ளே போனார்கள்.

டாக்டர் நந்தினிக்குத் தாமரைச்செல்வியின் வயதுதான் இருக்கும். சாதாரணமாகப் பேசிக்கொண்டே துணியை விலக்கியவர் பேச்சை நிறுத்தினார். கட்டியின் மேல் தோல் கன்றிச் சிவந்து, ஓரங்களில் மஞ்சளும் நீலமுமாக, இரண்டு பக்கமும் நேர்கோடாகத் தழும்பு விழுந்திருந்தது. டாக்டர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கதவை. அதற்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் கணவனைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"யாருங்க இத இப்படி அமுக்குனது? பயப்படாம சொல்லுங்க."

"நான்தான் டாக்டர். அளந்தேன்."

"எதால?"

"வெர்னியர் காலிப்பரால. நான் பிசிக்ஸ் டீச்சர்."

டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சிரிக்காமல் ஜெல்லைத் தடவி, ஸ்கேன் கருவியை வைத்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாமரைச்செல்வி திரையைப் பார்க்காமல் டாக்டரின் புருவத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அது ஏறினாலும் செத்தோம், இறங்கினாலும் செத்தோம் என்றிருந்தது.

"மேல இருக்குற வீக்கம் நீங்க பண்ணது" என்றார் டாக்டர் கடைசியில். "தெனம் நசுக்குனதுல ரத்தம் கட்டியிருக்கு. கை வெக்காம இருந்தா வத்திடும். அதுக்கு அடியில ஒண்ணு இருக்கு. அது நீங்க பண்ணது இல்ல."

"எவ்வளவு இருக்கு?"

"ஒண்ணே கால் சென்டிமீட்டர் சுமாரா."

சுமாரா. பதினாறு வருஷமாக அவள் வகுப்பில் தடை செய்திருந்த வார்த்தை. "என்னன்னு தெரியுதா டாக்டர்?"

"பாத்த மட்டுல சொல்றதுக்கு இல்லீங்க. ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து அனுப்பணும். இன்னிக்கே எடுத்துடலாம்."

சாரதாம்பாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஊசி மட்டும் வேணாம் டாக்டரம்மா. ஒங்களக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன். எங்க அம்மாவுக்கு அப்படித்தான் குத்துனாங்க. மூணே மாசம். நல்லா நடந்து வந்த மனுஷி."

டாக்டர் கோபப்படவில்லை. இந்தப் பேச்சு அவருக்கு வாரத்தில் நாலு தடவை பழக்கம் போலிருந்தது. "அம்மாவக் கூட்டிட்டு வந்தப்ப கட்டி எவ்வளவு இருந்துச்சும்மா?"

அக்கா கையைக் குவித்துக் காட்டினாள். எலுமிச்சம்பழம் அளவு.

"தோலு?"

"தோலு... உள்பக்கமா இழுத்துக்கிட்டு இருந்துச்சு."

"அக்குள்ல?"

"நெறி கட்டியிருந்துச்சு. ரெண்டு மூணு."

"கட்டி வந்து எத்தன நாள் கழிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். "அஞ்சு மாசம்."

"அப்ப ஊசிக்கு முன்னாடியே பரவியிருக்கும்மா" என்றார் டாக்டர், படிவத்தில் எதையோ எழுதிக்கொண்டே. "ஊசி ஒண்ணும் பரப்பல. இருந்தத சொல்லுச்சு, அவ்வளவுதான்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த வார்த்தை எங்கே போய் இறங்கியது என்று தெரிந்திருக்கும். அந்த ஐந்து மாதமும் அம்மாவின் கட்டியைப் பற்றித் தெரிந்தவள் சாரதாம்பாள் ஒருத்திதான். அப்பாவிடம் சொல்லாமல், பரீட்சை எழுதும் தங்கைக்கும் தெரியாமல், கொல்லையில் இலை பறித்து அரைத்துத் தினம் பத்துப் போட்டவள் அவள். அம்மாவே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். அப்போது அக்காவுக்கு இருபத்தேழு வயது. தாமரைச்செல்விக்கு இதெல்லாம் தெரியும். ஒன்றையும் ஒன்றையும் கூட்டி விடையை வாயால் சொன்னதில்லை. ஊசிதான் கொன்றது என்று இருக்கும் வரை அக்கா கொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாக அக்கா உயிரோடு நடமாடியது அந்த ஊசியின் புண்ணியத்தில்தான். அக்கா தூங்குறத எழுப்பக் கூடாது என்று சொன்னது எந்தத் தூக்கத்தை என்பது இப்போதுதான் உறைத்தது.

"அப்ப... மொத மாசமே கூட்டியாந்திருந்தா?" என்றாள் அக்கா.

டாக்டர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். பதில் சொல்ல வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டார்.

தாமரைச்செல்விக்கு எழுந்து உட்கார்ந்து அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதைவிடப் பலமாகப் பயம் அவளை மேசையோடு அழுத்தியது. அக்காவை அவள் எந்த வாயால் குற்றம் சொல்வது? அக்காவிடம் இலை இருந்தது, இவளிடம் வெர்னியர் இருந்தது. இவள் ஒரு படி மேலே போய், எலக்ட்ரானைக் கூட்டிவந்து சாட்சி சொல்ல வைத்தாள். எலக்ட்ரானிடம் கேட்கும் வரை பதில் இல்லாமல் இருக்கலாம். சதையிடம் அப்படி இல்லை. அந்த ஒன்றே கால் சென்டிமீட்டருக்குள் பதில் எப்போதோ எழுதி முடிந்துவிட்டது. பார்த்தாலும் அதுதான், பார்க்காவிட்டாலும் அதுதான். குளியலறையில் உட்கார்ந்து அவள் எதையும் காப்பாற்றவில்லை. நாளைத்தான் செலவழித்தாள். இதைப் புரிந்துகொண்டதில் தைரியம் வரும் என்று நினைத்தால், வந்தது சுத்தமான பயம்.

"எடுத்துடுங்க டாக்டர்" என்றாள்.

நர்ஸ் வந்து தட்டை வைத்தாள். அந்த இடம் மரத்துப்போக முதலில் சின்னதாக ஓர் ஊசி. கூட வந்தவர்கள் வெளியே இருக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். சாரதாம்பாள் நகரவில்லை. டாக்டர் நர்ஸைப் பார்த்து, இருக்கட்டும் என்று சைகை காட்டினார். அக்கா மேசையின் கால்மாட்டில் வந்து நின்று தங்கையின் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. எந்திரிச்சு வா என்று சொல்வாளோ என்று தாமரைச்செல்வி காத்திருந்தாள். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது.

"சதை எடுக்குறப்ப டப்புனு ஒரு சத்தம் கேக்கும். பயந்து அசைஞ்சுடாதீங்க. முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்குங்க" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். பாக்குறேன்."

முதல் தடவையாகத் திரையைப் பார்த்தாள். மழை பெய்து ஓய்ந்த மணல் போலச் சாம்பல் நிறம். நடுவில் கருப்பாக, ஓரம் சரியாகத் தெரியாமல் ஒரு புள்ளி. இவ்வளவுதானா என்று ஒரு கணமும், இவ்வளவா என்று மறுகணமும் தோன்றியது. வலது மூலையிலிருந்து மெல்லிய வெள்ளைக் கோடாக ஊசி உள்ளே வந்தது. வலி இல்லை, ஓர் அழுத்தம் மட்டும். கோடு நீண்டு நீண்டு வந்து கருப்பின் விளிம்பைத் தொட்டது. தொட்டதும் அந்தக் கருப்பு ஒரு பக்கம் குழிந்து, வழுக்கிக்கொண்டு கொஞ்சம் விலகியது.

"நழுவுது" என்றார் டாக்டர் தனக்குத்தானே. அது நல்லதா கெட்டதா என்று அவர் முகத்தில் இல்லை. இடது கை விரல்களால் மறுபக்கத்திலிருந்து அதை அண்டைகொடுத்து நிறுத்தினார். "மூச்ச இழுத்துப் பிடிங்க. அப்படியே. விடக் கூடாது."

பிடித்தாள். பாதங்களில் அக்காவின் நகம் பதிந்தது. வெள்ளைக் கோட்டின் முனை கருப்பின் விளிம்பில் வந்து நின்றது. மூச்சு நின்ற பிறகும், அவள் நெஞ்சு அடித்த ஒவ்வொரு அடிக்கும், இரண்டும் சேர்ந்து திரையில் அதிர்ந்துகொண்டிருந்தன.